அடுப்பின் வாயைத் திறந்து வைத்தது நான்தான்

என் கண்ணு,

நீ அனுப்பிய காகிதக் கட்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போகாமல், "உள்ள என்னாம்மா, செங்கல்லா?" என்று நின்றார். "எம்பையன் நாலு வருசமா கண்ணாடி மேல மருந்து தெளிச்சான் இல்ல, அதையெல்லாம் எழுதிப் புஸ்தகமாக்கப் போறான்" என்றேன். "தெளிச்சதுக்கு இவ்ளோ எழுதணுமா?" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன், ஆனால் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் கான்வென்ட் பள்ளியில் அறிவியல் நடத்தும் சிஸ்டரைக் கூப்பிட்டு, காபி கொடுத்து உட்கார வைத்து, இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லச் சொன்னேன். முதலில் நன்றிப் பக்கம். 'தன் அடுப்பைக் கொடுத்துவிட்டு, அது எப்போது திரும்பக் கிடைக்கும் என்று ஒரு நாளும் கேட்காத என் அம்மாவுக்கு' என்று எழுதியிருக்கிறாய். பொய். வாரா வாரம் கேட்டேன். இருந்தாலும் அந்த வரியை மூன்று தடவை படிக்க வைத்தேன். நாலாவது தடவை கேட்கக் கூச்சமாகப் போய்விட்டது.

இன்னும் பத்து நாளில் நீ பம்பாய் போய் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறுகிறாய். நன்றி நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சிஸ்டர் நாலாவது அத்தியாயத்துக்கு வந்தபோது ஒரு வரி என்னை உட்கார விடவில்லை. அந்தப் பன்னிரண்டு கண்ணாடிகளும் மின்சாரம் கடத்தாமல் போனதற்குக் 'கலவையிலோ சூட்டிலோ நேர்ந்த ஏதோ ஒரு கவனக்குறைவு' காரணம் என்று எழுதியிருக்கிறாய். கலவை உங்கள் மருந்தறை முனியப்பா செய்தது. சூடு நான் கொடுத்தது. தப்பு எதில் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாவின் தலை உருளக் கூடாது என்று பூசி மெழுகியிருக்கிறாய்; அந்த அன்பு புரிகிறது. ஆனால் அந்த மெழுகலுக்கு அடியில் ஒரு மனிதருடைய நல்ல பேர் கிடக்கிறது. நீ கப்பல் ஏறுவதற்குள் அது அவரிடம் திரும்பிப் போக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ அதைக் கேட்டதில்லை. உன் அப்பா இறந்தபோது உனக்கு ஒன்பது வயது. எனாமல் போர்டு பட்டறையை விற்றுவிட்டுப் பிறந்த வீட்டுக்கே வந்துவிடு என்று கல்லாவியிலிருந்து என் அண்ணன் ஆள் மேல் ஆள் அனுப்பினார். எனக்கு அடுப்பை விட மனசு வரவில்லை. இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூள் கரைசலைப் பூசி, காயவைத்து, அடுப்புக்குள் தள்ளினால் அது உருகிப் பளபளவென்று வெளியே வருமே, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அப்போது அதை வெளியே சொல்ல முடியாது. புருஷன் போன வீட்டில் ஒருத்தி தனக்குப் பிடித்ததைச் செய்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டுமே என்று சொல்லிக்கொண்டு செய்தேன். அதுவும் உண்மைதான். நன்றாகவே செய்தேன் என்றும் சொல்லிக்கொள்கிறேன், இந்த வயதில் எனக்கென்ன அடக்கம் வேண்டிக் கிடக்கிறது. பேரிகைச் சாலையில் நான் சுட்ட ஊர்ப் பலகைகளின் வெள்ளை இன்னும் மங்கவில்லை.

அந்த வெள்ளையைப் பற்றிய கர்வம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கறை என்றால் எனக்கு ஆகாது. பன்னிரண்டு வயதில் நீ ஒரு வக்கீல் வீட்டுப் போர்டில், பூச்சு காய்வதற்குள் கட்டைவிரலை வைத்துவிட்டாய். ஓங்கி அறைந்தேன். நீ அழவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "திரும்பச் சுட்டா போயிடுமாம்மா?" என்று கேட்டாய். "போகாதுடா, தொலைச்சிட்டியே" என்று கத்தினேன். எவ்வளவு நல்ல கேள்வி அது! விரல் பட்ட அடையாளம் போகாது. புகை படிந்த பழுப்பாக இருந்தால் அடுப்பின் வாயை ஒரு சாண் திறந்து வைத்து மறுபடி சுட்டால் போய்விடும். காற்று உள்ளே போய்ப் புகைக் கறையைத் தின்றுவிடும். இதை அன்றைக்கு நிதானமாகச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கன்னத்தில் ஐந்து விரலையும் பதித்தேன். அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன், சிரிக்காதே.

நீ பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாப்பிடக்கூட உட்காராமல், "எம்மா, அடுப்பு மதியத்துக்கு மேல சும்மாதானே இருக்கு?" என்று கேட்டாய். உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பது ஒரே அடுப்பு, பெரிய மாணவர்கள் அதை விடுவதில்லை, உன் முறை வருவதற்குள் தலை நரைத்துவிடும் என்றாய். எதற்கடா அடுப்பு என்றால், வெள்ளீயத்தின் ஆக்சைடைக் கண்ணாடி மேல் மெல்லிசாகப் படிய வைக்க வேண்டும், அது கண்ணுக்கே தெரியாது, ஆனால் மின்சாரம் அதன் வழியாகப் போகும் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளீய ஆக்சைடைத்தானே நான் மூட்டை மூட்டையாக வாங்கி எனாமலில் வெள்ளைக்குக் கலக்கிறேன்! சுண்ணாம்பு மாதிரி வெளுத்த தூள். அதன் வழியாக வெளிச்சமே போகாது, மின்சாரம் எங்கே போகும்? நீ வாதாடவில்லை. "பாரு" என்று மட்டும் சொன்னாய்.

உன்னோடு முனியப்பா வந்ததும் அன்றைக்குத்தான். உங்கள் கூடத்தில் மருந்தறைப் பொறுப்பில் இருந்தவர், அத்திப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடம், நம்மிடம் எல்லாம் கலந்த ஒரு தமிழ். வெள்ளீய உப்பை நிறுத்து ஸ்பிரிட்டில் கரைத்துப் பழுப்பு பாட்டில்களில் ஊற்றிக் கொண்டு வருவது அவர் வேலை. தராசுக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். நம் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் கடை திறந்திருக்கிறது. மாநில எல்லையில் போலீஸ் ஸ்பிரிட் வாசனைக்குச் சும்மா விடுமா? கான்ஸ்டபிள் ஒருவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் வர, "இதை எவன்யா குடிப்பான், போங்கய்யா" என்று துரத்திவிட்டதை முனியப்பா நடித்துக் காட்டினார். அன்றைக்கு நாம் மூன்று பேரும் அப்படிச் சிரித்தோம். அவருடைய அப்பா குடித்தே செத்தவர். அதனால் இவர் வாயில் ஒரு சொட்டுப் பட்டதில்லை என்றும் அன்றே சொன்னார், சாப்பிட்டுக்கொண்டே, சாதாரணமாக.

சுட்ட கண்ணாடி மேல் நீ அந்தக் கரைசலைப் பீய்ச்சினாய். பட்டறை முழுக்க மூக்கைக் குத்தும் புகை. ஆறிய பிறகு பார்த்தால் வெறும் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது, சாய்த்துப் பிடித்தால் மட்டும் லேசாக நிறம் காட்டியது. கெட்டிலில் வெந்நீர் போட்டு அதன் ஆவியில் காட்டினாய், கண்ணாடி வெளுத்து மூடிக்கொண்டது. இரண்டு ஓரத்திலும் செப்புப் பட்டையை அழுத்தி லாரி பாட்டரியில் கம்பியை இணைத்தாய். நடுவிலிருந்து ஆவி விலகத் தொடங்கி, அந்தப் பக்கம் நின்ற முனியப்பாவின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கம்பி கிடையாது, ஒரு இழை கிடையாது, கண்ணாடி தானே சூடாகிறது! நான் சிலுவை போட்டுக்கொண்டேன். என் பிள்ளை என் பட்டறையில், என் வெள்ளைத் தூளை வைத்து, நான் இருபது வருஷமாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டான். அந்த ஒரு மதியத்துக்காகவே உனக்கு நான் நன்றி சொல்வேன், கண்ணு.

அடுத்தது அந்தப் பன்னிரண்டு கண்ணாடிகள். மெட்ராஸ் என்றிருந்த பலகைகளையெல்லாம் தமிழ்நாடு என்று மாற்றச் சொல்லி வேலை வந்து குவிந்த சமயம் அது. வெளியூரிலிருந்து பெரிய புரொபசர் ஒருவர் உங்கள் கூடத்தைப் பார்க்க வருகிறார், அவர் முன்னால் காட்ட வேண்டும் என்று சனிக்கிழமை பன்னிரண்டையும் தெளித்து முடித்தாய். உன் கைடு வரச் சொன்னார் என்று ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பிவிட்டாய். "திங்கக்கிழமை முனியப்பா வருவாரு, பஞ்சு வெச்சுக் கட்டிக் குடுத்துடும்மா, வேற ஒண்ணும் செய்யாதே" என்றாய். வேறு ஒன்றும் செய்யாதே என்று நீ தெளிவாகத்தான் சொன்னாய். திங்கட்கிழமை காலையில் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டிலும் லேசான பழுப்பு. தேநீர்க் கறை மாதிரி, பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். என் அடுப்புப் புகை படிந்துவிட்டது, பெரிய மனிதர் முன்னால் என் பிள்ளை அழுக்குக் கண்ணாடியை நீட்டப் போகிறான் என்று எனக்குப் பதறியது. நீ மாட்டிவைத்த சூடு காட்டும் மீட்டரில் நீ சொல்லும் அதே அளவு முள் வந்ததும் பன்னிரண்டையும் உள்ளே அடுக்கி, அடுப்பின் வாயை ஒரு சாண் திறந்து வைத்து, இரண்டு மணி நேரம் சுட்டேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிந்து வந்தன. எனக்கு ஒரே பெருமை. முனியப்பா வந்தார், கட்டிக் கொடுத்தேன், அவர் உடனே கிளம்பிவிட்டார்.

ஒன்றிலும் மின்சாரம் போகவில்லை என்பது எனக்கு வியாழக்கிழமை முனியப்பா சொல்லித்தான் தெரிந்தது. அவர் கண்ணாடிகளோடு பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். முகம் செத்திருந்தது. வந்த புரொபசர் முன்னால் பன்னிரண்டும் வெறும் கண்ணாடியாக நின்றதாம். கைடு உன்னைப் பார்த்து, போன மாதம் காட்டிய கணக்கெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாராம். நீ சுற்றிலும் பார்த்துவிட்டு, கலவையில்தான் கோளாறு, ஸ்பிரிட் குறைந்திருக்கும், யாரோ எடுத்துக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும் என்றாயாம். யாரோ என்றால் யார்? மருந்தறைச் சாவி ஒருவரிடம்தான் இருந்தது. "அம்மா, நானு அதைத் தொட்டாலே சோப்புப் போட்டுக் கை கழுவுறவன். என்னைப் போயி குடிச்சேன்னுட்டாரு தம்பி சார். வேலைய விட்டே எடுக்கறாங்களாம்" என்றார். நான் சோறு போட்டேன். அவர் சாப்பிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த வேளைக்கு மட்டும் அது உண்மை. அவர் போனதும், மூலை உடைந்து போனதால் நீ வீட்டிலேயே போட்டுவிட்ட, மருந்து தெளித்த பழைய கண்ணாடி ஒன்றை எடுத்தேன். பாட்டரியோடு டார்ச் பல்பையும் சேர்த்து, நீ செய்கிற மாதிரியே இணைத்தேன். பல்பு மங்கலாக எரிந்தது. அதையே அடுப்பில் வைத்து, வாயைத் திறந்து, அதே இரண்டு மணி நேரம் சுட்டு, ஆறவிட்டு மறுபடி இணைத்தேன். பல்பு எரியவில்லை. பாட்டரியைத் தட்டினேன், கம்பியைச் சுரண்டினேன், பல்பை மாற்றினேன். எரியவில்லை. அப்படியே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உன் நாலு வருஷத்தையும், ஒரு நல்ல மனிதருடைய பேரையும் சேர்த்துச் சுட்டது நான்தான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னேன். அங்கே கேட்கும் சாமியாருக்கு முனியப்பா யாரென்றே தெரியாது, அதனால் சொல்வது சுலபமாக இருந்தது. உன்னிடம் சொல்லத்தான் பயம். பெற்ற பிள்ளையிடம் பயப்படுவது எப்படி இருக்கும் என்று நீ ஒரு நாள் தெரிந்துகொள்வாய்.

அடுத்த வாரச் சனிக்கிழமை நீ வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். நீ கத்துவாய், அந்தக் கண்ணாடிகளைத் தூக்கிப் போட்டு உடைப்பாய் என்று எதிர்பார்த்தேன். உனக்கு நான் கொடுத்த அறை திரும்பி வரும் என்றுகூட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நொடி நினைத்தேன். நீ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாய். பிறகு, "அடுப்பு வாய் எவ்ளோ தொறந்திருந்துச்சு?" என்று கேட்டாய். ஒரு சாண் என்றேன். "ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினியா, தனித்தனியாவா?" தனித்தனியாக. "அந்த உடைஞ்ச கண்ணாடி மொதல்ல எரிஞ்சுது, அப்புறம் எரியல. கண்ணால பாத்தியா?" பார்த்தேன். காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து எல்லாவற்றையும் எழுதினாய். "எம்மா, நீ என்ன செஞ்சிருக்கேன்னு உனக்குத் தெரியுமா?" என்றாய். தெரியும் என்று அழுதேன். "தெரியாது" என்று சிரித்தாய். உன்னிடம் நான் பட்ட கடன் எல்லாவற்றிலும் பெரியது அந்தச் சிரிப்புத்தான்.

அன்றைக்கு நீ சொல்லித் தந்ததை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். அந்தப் படிகத்துக்குள் வெள்ளீயமும் ஆக்சிஜனும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, கல்யாணப் பந்தியில் மாதிரி. ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் இரண்டு எலக்ட்ரான் பங்கு. எல்லா இலைக்கும் ஆள் வந்துவிட்டால் எல்லாப் பங்கும் அவரவர் கைக்குப் போய்விடும், ஒன்றும் மிஞ்சாது, மின்சாரத்தைத் தூக்கிக்கொண்டு போக யாரும் இல்லை. என் மூட்டையில் இருக்கும் வெள்ளைத் தூள் அப்படி. சூடான கண்ணாடியில் அவசரமாகப் படியும்போது அங்கங்கே ஒரு ஆக்சிஜன் வராமல் போகிறது. அதற்கு ஒதுக்கிய இரண்டும் பிடித்துவைக்க ஆளில்லாமல் சுற்றுகின்றன. மின்சாரத்தைக் கொண்டுபோவது அவைதான். உன் கைடும் நீயும் அதுவரை, தெளித்த உப்பில் மிஞ்சிய ஏதோ ஒன்றுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் அடுப்பைத் திறந்து காற்றை விட்டேன். காற்றிலிருந்த ஆக்சிஜன் போய்க் காலியான இலைகளில் உட்கார்ந்துவிட்டது. கண்ணாடி தெளிந்தது, மின்சாரம் நின்றது.

அப்படியானால் உட்கார்ந்தவரை எழுப்ப முடியுமா என்று நான்தான் கேட்டேன், அதை நீ எங்கேயும் எழுதவில்லை, பரவாயில்லை. எனாமல்காரிக்குத் தெரியும், மூடிய பெட்டியில் கரி இருந்தால் அது உள்ளே இருக்கும் ஆக்சிஜனையெல்லாம் இழுத்துக்கொள்ளும். இரும்புப் பெட்டியில் கரித்தூளைப் பரப்பி, பாழான பன்னிரண்டில் ஒன்றை வைத்து, மூடிச் சுட்டோம். எடுத்து இணைத்தாய். பல்பு எரிந்தது! முன்னைவிட நன்றாகவே எரிந்தது. நான் குதித்தேன், நீயும் குதித்தாய். பேராசையில் அடுத்ததைக் கரியில் ரொம்ப நேரம் விட்டோம். அது கறுத்துப் போய் எதற்கும் ஆகாமல் வந்தது. குறையும் ஒரு அளவோடுதான் இருக்க வேண்டும் போல என்று நீ சொன்னாய். எத்தனை நேரம் கரியில், எத்தனை நேரம் காற்றில் என்று ஒவ்வொன்றாக அளந்து நீ எழுதியதுதான் இந்தப் புத்தகம். அதனால்தான் ஜெர்மனிக்காரர்கள் உன்னைக் கூப்பிடுகிறார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். "முனியப்பா?" என்று கேட்டதற்கு, "சரி பண்ணிட்டேம்மா" என்றாய். எப்படிச் சரி பண்ணினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை முனியப்பா வந்தார். நீ வெளிநாடு போவதற்கு என்னைப் பார்த்துச் சந்தோஷம் சொல்லிவிட்டுப் போக வந்தாராம். அவருக்குச் சோறு போட்டு, பேச்சோடு பேச்சாக, மருந்தறையில் இப்போது யார் நிறுக்கிறார்கள், நீங்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். வேலையை விட்டு எடுக்கவில்லை, ஆனால் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். கேண்டீனில் அவருக்கு ஒரு பட்டப்பேர் வேறு வைத்திருக்கிறார்கள், அதை நான் எழுத மாட்டேன். "தம்பி சார் எங்கிட்ட தனியா வந்து கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டாரும்மா. நல்ல புள்ள. ஆனா மத்தவங்களுக்குத் தெரியாதே. அவரும் போயிட்டா அப்புறம் யாரு சொல்லப் போறாங்க?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, இன்றைக்கு மழை வருமா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "முனியப்பா, தப்பு என்னோடது, நான்தான் மறுபடி சுட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார். "பெட்டி சூடா இருந்துச்சு. துணி சுத்தி மடில வெச்சிக்கினு போனேன். சனிக்கெழமை ஆறுன கண்ணாடி திங்கக்கெழமை எப்படிம்மா சுடும்?" தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, வேலையே போகிற நிலையில் ஏன் சொல்லவில்லை என்று அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். "மகன் முன்னாடி தாயக் காட்டிக் குடுக்கறதா? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார். "ஹோகலி பிடிம்மா, போகட்டும்" என்று எழுந்து கை கழுவப் போனார். அந்த வியாழக்கிழமை நான் போட்ட சோற்றை, எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் சாப்பிட்டிருக்கிறார், கண்ணு. என் வாய் திறக்குமா என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஒன்பது நாள் மூடிக்கொண்டிருந்தவள், மாதக்கணக்கில் மூடிக்கொண்டிருப்பவனை என்ன சொல்வது? எல்லோர் முன்னாலும் சொன்னால், சரிபார்க்காமல் ஒருவரைக் குடிகாரர் என்று சொன்னவன் என்று உன் மேல் ஒரு பழுப்புப் படியும், ஊருக்குப் போகிற நேரத்தில் எதற்கு என்று நினைத்திருப்பாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நீ என் பிள்ளை, கறையைப் பார்த்தால் உனக்கும் பதறுகிறது. அதை உனக்குக் கொடுத்ததும் நான்தான். ஆனால் நீ காலண்டர் தாளில் எழுதிய மாதிரி, இதையும் நடந்தது நடந்தபடி எழுத உன்னால் முடியும். கைடிடம் போய் நாலாவது அத்தியாயத்தைத் திருப்பி வாங்கு. 'கலவை சரியாக இருந்தது, அதை நிறுத்தவர் முனியப்பா. ஆய்வாளரின் தாயார் சொல்லாமல் கண்ணாடிகளைக் காற்றில் மறுபடி சுட்டுவிட்டார்' என்று எழுது. எனக்கு ஒரு அவமானமும் இல்லை. நன்றிப் பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் என் வரியை எடுத்துவிட்டு அவர் பேரைப் போடு.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. இன்றைக்கு மறுபடி வரச் சொல்லியிருந்தேன், முனியப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார், அவர் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்குக் கன்னடம்தான் படிக்க வரும், தமிழ் எழுத்துத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் அவர் உன்னிடம் நீட்டும்போது வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளாதே. உன் கைடு, கூட வேலை செய்கிறவர்கள், கேண்டீன்காரர் எல்லோரையும் கூப்பிட்டு, அவரையும் பக்கத்தில் நிறுத்தி, சத்தமாகப் படி. நடுவில் அவர் போதும் சாமி என்பார், நீ நிறுத்தாதே. இந்த இடம் வந்ததும் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்து எனக்காகச் சொல்: முனியப்பா, கண்ணாடிகளை மறுபடி சுட்டது நான். அதைச் சொல்லாமல் உங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, தப்பு என்று தெரிந்த பிறகும் சும்மா இருந்ததும் நான். என்னை என் பிள்ளையிடம் காட்டிக் கொடுக்காமல் இருந்தீர்களே, உங்களுக்குக் கோடி நன்றி.

இதற்கு அடுத்த வரியை நான் எழுதவில்லை, கண்ணு. அது நீ சொல்ல வேண்டியது.

உன் அம்மா